எண்ணில் உண்டு, ஏட்டில் இல்லை

பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதால் 'பெயரன்'. அதுவே வழக்கில் 'பேரன்' ஆயிற்று. ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறைக்கு அதே பெயரைச் சூட்டி, முன்னோரை நினைவில் நிறுத்திய சமூகம் நம்முடையது. ஆயினும், பாட்டனாரின் தந்தையைப் பற்றிக் கேட்டால் நம்மில் பலர் பெயரளவில்கூட விடை சொல்ல இயலாமல் நிற்போம். அவருடைய மனைவியின் பெயரைக் கேட்டால் நிலைமை இன்னும் மோசம்.

என் பூட்டனார் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் சிறிதளவு புன்செய் நிலம் வைத்திருந்தவர். என் தாத்தா கைக்குழந்தையாக இருந்தபோது வீட்டை விட்டுச் சென்றவர் திரும்பவே இல்லை. 'சீமைக்குக் கப்பலேறிவிட்டார்' என்பது மட்டுமே குடும்பத்தில் வழங்கிவந்த செய்தி. எந்தச் சீமை, எந்த ஆண்டு என்று சொல்ல எவரும் எஞ்சவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு சில ஆண்டுகள் அவரைத் தேடினேன். அவரைப் பற்றி அறிந்துகொண்டது கொஞ்சம்; அரசின் ஏடுகள் யாரை நினைவில் வைக்கின்றன, யாரை விட்டுவிடுகின்றன என்பது குறித்து அறிந்துகொண்டது அதிகம்.

அந்த இரண்டாவது செய்தி இன்று எல்லோருக்கும் தேவைப்படுகிறது. தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் தம் பெயரையோ பெற்றோரின் பெயரையோ லட்சக்கணக்கானோர் தேடினர். பழைய பட்டியல் ஒன்றில் ஒரு பெயர் இல்லாமல் போனால் அதற்கு என்ன பொருள்? இக்கேள்விக்கு விடை காண, பட்டியல்கள் எப்படி உருவாயின என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

பெயர் சொல்லும் கணக்கெடுப்புகள்

முன்னோரைத் தேடுவோர் மேலை நாடுகளில் முதலில் புரட்டுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைத்தான். இங்கிலாந்தில் 1801-இல் முதல் கணக்கெடுப்பு நடந்தது. 1841 முதல் வீட்டிலிருந்த ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டு, அத்தாள்கள் பாதுகாக்கப்பட்டன. நூறு ஆண்டுகள் கழிந்தபின் அவை பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1921-ஆம் ஆண்டின் தாள்கள் 2022 ஜனவரியில் வெளியாயின. அமெரிக்காவில் இந்தக் காத்திருப்பு 72 ஆண்டுகள். அங்கு 1950-ஆம் ஆண்டின் தாள்கள் 2022 ஏப்ரலில் வெளியாயின.

அங்கும் முன்னோர் காணாமல் போவதுண்டு. எழுதியவரின் செவிக்கு எட்டியவாறு பெயர் திரிந்திருக்கும். கணக்கெடுப்பு நாளன்று அவர் கடலில் இருந்திருப்பார். 1841-இல் பதினைந்து வயதைக் கடந்தோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி அறிவுறுத்தியிருந்ததால், 34 வயதுக்காரர் ஏட்டில் 30 வயதினராகத் தென்படுவார். வேண்டுமென்றே விலகியவர்களும் உண்டு. பெண்களுக்கு வாக்குரிமை மறுக்கும் அரசு பெண்களைக் கணக்கெடுக்கவும் வேண்டாம் என்று, 1911 கணக்கெடுப்பை இங்கிலாந்தின் வாக்குரிமைப் போராளிகள் பலர் புறக்கணித்தனர். அவர்களுள் ஒருவரான எமிலி வைல்டிங் டேவிசன் அந்த இரவில் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றக் கட்டடத்தின் சிற்றறை ஒன்றில் ஒளிந்துகொண்டார். கண்டுபிடிக்கப்பட்டு, நாடாளுமன்றத்தில் தங்கியிருந்தவராகவே ஏட்டில் ஏறினார்.

சில வேளைகளில் ஏடே அழிந்துபோகிறது. அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி 1921 ஜனவரியில் வாஷிங்டனில் ஏற்பட்ட தீ விபத்தில் சிதைந்தது. இங்கிலாந்தின் 1931 தாள்கள் 1942 டிசம்பரில் எரிந்து போயின. அயர்லாந்தின் கதை இன்னும் கொடியது. 1821 முதல் 1851 வரையிலான தாள்களில் பெரும்பகுதி 1922-இல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் நீதிமன்ற வளாகத்தில் எரிந்தது. 1861, 1871 தாள்களை அரசே முன்னரே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க்காலத்தில் காகிதக் கூழாயின.

எனினும், அயர்லாந்தில் எரிந்த ஏட்டின் சில வரிகள் விந்தையான வழியில் பிழைத்தன. 70 வயது நிறைந்த வறியோருக்கு ஓய்வூதியம் வழங்கும் சட்டம் 1908-இல் வந்தது. அங்கு எல்லாருடைய பிறப்பும் பதிவு செய்யப்படத் தொடங்கியது 1864-இல்தான். எனவே, வயதை நிறுவ முதியோர் 1841, 1851 கணக்கெடுப்புகளில் தம் பெயரைத் தேடித் தரும்படி விண்ணப்பித்தனர். எழுத்தர்கள் தேடி, கண்டதை விண்ணப்பத்திலேயே குறித்து அனுப்பினர். மூல ஏடு எரிந்தது, விண்ணப்பங்கள் எஞ்சின. ஓய்வூதியம் கேட்ட ஏழைகளின் குடும்பங்கள், கேட்டதனாலேயே இன்றும் ஏட்டில் இருக்கின்றன. காணாமல் போனவரைப் பக்கவாட்டு ஏடுகளில் தேட வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

எண்ணிக்கையின் இரவு

நம் நாட்டின் கதை வேறு. சென்னை மாகாணத்தில் 1871-இல் நடந்த கணக்கெடுப்பின் அறிக்கையை மருத்துவ அதிகாரியான டபிள்யூ.ஆர். கார்னிஷ் எழுதினார். நாடு முழுவதும் ஒரே நேரத்தில் எண்ணும் முறை 1881 பிப்ரவரி 17 அன்று வந்தது. வாரக் கணக்கில் முன்னதாகவே வீடுகளுக்கு எண்ணிட்டு, குடியிருப்போர் விவரங்களை எழுதி வைத்தனர். குறித்த இரவில் கணக்கெடுப்பாளர்கள் விளக்குடன் வீடு வீடாகச் சென்றனர். இறந்தோரையும் வெளியூர் சென்றோரையும் அடித்துவிட்டு, புதிதாய்ப் பிறந்த குழந்தையையும் வந்திருந்த விருந்தினரையும் சேர்த்துக்கொண்டனர். இந்த ஓரிரவு முறை 1931 வரை தொடர்ந்தது.

ஆகவே, பெயர் எழுதப்படவில்லை என்று சொல்ல முடியாது, எழுதினார்கள். ஆனால், அந்தப் பெயர் எண்ணிக்கைக்கு ஒரு கருவி மட்டுமே. 1901 முதல், தாளில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு சீட்டு எழுதி, சமயம், பால், வயது, தொழில் வாரியாகச் சீட்டுகளைப் பிரித்து அடுக்கி எண்ணினர். மாவட்டவாரியான அட்டவணைகள் அச்சேறியதும் தாளுக்கும் சீட்டுக்கும் வேலை முடிந்தது. இங்கிலாந்தில் செய்ததுபோல் பெயர்த்தாள்களைக் காலத்துக்கும் காக்கும் ஏற்பாடு இங்கு இல்லை. தடித்த அறிக்கைகள் நூலகங்களில் இருக்கின்றன, பெயர்கள் இல்லை.

அந்த அறிக்கைகளின் மதிப்பை நான் குறைக்கவில்லை. 1876-78-இன் தாது வருடப் பஞ்சம் என்ன செய்தது என்பதை அவை ஒரு கழித்தல் கணக்கில் காட்டிவிடுகின்றன. சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871-இல் சுமார் 19.7 லட்சம், 1881-இல் சுமார் 16 லட்சம். பத்தாண்டில் பெருகியிருக்க வேண்டிய தொகை மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்தது. எந்த வீட்டிலிருந்து எவர் குறைந்தார் என்பதை மட்டும் அந்த ஏடு சொல்லாது.

என் பூட்டனார் 1891-இல் ஏறத்தாழ இருபது வயது இளைஞர். வட ஆற்காடு மாவட்டத்து ஆண்களின் தொகையில் அவர் ஒருவராக எண்ணப்பட்டிருப்பார் என்று நம்ப இடமுண்டு. அச்சிட்ட அட்டவணையில் அந்தத் தொகையை விரலால் தொட்டுக் காட்டலாம். அவரைக் காட்ட முடியாது. எண்ணில் இருக்கிறார், ஏட்டில் இல்லை.

அண்டை நிலத்தின் சாட்சி

குடிவழி ஆய்வாளர்கள் கையாளும் வழி ஒன்று உண்டு. ஒருவர் நேரடியாக அகப்படாதபோது அவருடைய உறவினர், கூட்டாளிகள், அண்டை வீட்டார் ஆகியோரைத் தேடுவார்கள். அவர்களுடைய ஏடுகளில் நம்மவர் ஓர் ஓரத்தில் நிற்கக்கூடும். தமிழ்நாட்டில் இந்த வழிக்கு மிகவும் பொருந்தும் ஆவணம் கிரயப் பத்திரம்.

சென்னை மாகாணத்தில் 1860-களின் நடுவில் ஆவணப் பதிவு முறை வந்தது. பதிவான பத்திரத்தின் நகல், சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் எழுதி வைக்கப்பட்டது. அதற்கு இருவகை அட்டவணைகள் உண்டு: எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயர் வாரியாக ஒன்று; சொத்து அமைந்த ஊர் வாரியாக மற்றொன்று. பெயர் அட்டவணையில் என் பூட்டனார் இல்லை. அவர் எதையும் விற்கவில்லை, வாங்கவும் இல்லை. குறைந்தபட்சம், பதிவு செய்து செய்யவில்லை.

ஆனால், ஒவ்வொரு பத்திரத்தின் இறுதியிலும் செக்குபந்தி இருக்கிறது. விற்கப்படும் நிலத்தின் நான்கெல்லையும் அண்டை நிலத்துக்காரர்களின் பெயரால்தான் சொல்லப்படும். 'இன்னார் நிலத்துக்குத் தெற்கு, இன்னார் கிணற்றுக்கு மேற்கு' என்று வரும் அந்த வரிகளில், பத்திரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் பெயரோடு நிற்கிறார்கள். நிலவரித் திட்டப் பதிவேட்டில் எங்கள் குடும்பத்துப் புன்செய்யின் சர்வே எண் கிடைத்தது. அதைச் சுற்றியுள்ள எண்களுக்குரிய பத்திரங்களைத் தேடிப் படித்தேன்.

1896-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றில், பக்கத்து நிலத்தின் வடக்கு எல்லையாக என் பூட்டனாரின் பெயர், அவருடைய தகப்பனார் பெயரோடு இருந்தது. அதே நிலம் 1904-இல் மீண்டும் கைமாறியிருக்கிறது. இம்முறை வடக்கு எல்லையில் வேறொரு பெயர். அவருடைய பாரியாள் என்ற குறிப்புடன் ஒரு பெண்ணின் பெயர். குடும்பத்தில் எவரும் அறிந்திராத என் பூட்டியின் பெயர் அது.

இந்த இரு வரிகளும் மூன்று செய்திகளைத் தருகின்றன. அவர் 1896-இல் ஊரில் நிலத்துக்கு உரியவராக அறியப்பட்டிருந்தார். 1904-க்குள் அந்த நிலம் மனைவியின் நிலமாக ஊராரால் அடையாளம் சொல்லப்பட்டது. மூன்றாவது, பத்திரம் எழுதியவர் 'விதவை' என்று எழுதவில்லை. 'பாரியாள்' என்றே எழுதினார். அந்தக் காலத்துப் பத்திரங்கள் இவ்விரு சொற்களையும் வேறுபடுத்தியே ஆள்கின்றன. ஆக, கணவர் இறந்துவிட்டதாக ஊர் கருதவில்லை. போனவர் வருவார் என்ற கணக்கில் அந்தப் பெண் நிலத்தைக் காத்திருக்கிறார்.

தழும்பைக் குறித்த ஏடு

1896-க்கும் 1904-க்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் வட ஆற்காட்டிலிருந்து 'சீமை' சென்றவர்களுக்கு வழிகள் பல. பர்மா, மலாயா, இலங்கை, மொரீஷியஸ், நேட்டால். இவற்றுள் ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றவர்களைப் பற்றிய பதிவுகளே விரிவானவை.

இன்றைய தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்னையிலிருந்து முதல் கப்பல் 'ட்ரூரோ' 1860 நவம்பர் 16 அன்று சென்று சேர்ந்தது. அன்று முதல் 1911 வரை 1,52,184 பேர் இந்தியாவிலிருந்து அங்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றனர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் அளிக்கப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, உயரம், மாவட்டம், வட்டம், ஊர், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் ஆகிய அனைத்தும் கப்பல் பட்டியலில் எழுதப்பட்டன. மொரீஷியஸிலும் இத்தகைய பெரும் ஆவணத் தொகுதி மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகிறது. நேட்டால் பட்டியல்கள் கணினியில் ஏற்றப்பட்டு, ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன.

சொந்த மண்ணில் எண்ணாக மட்டுமே இருந்தவர் கரும்புத் தோட்டத்துக்குப் புறப்பட்டவுடன் பெயரும் தந்தை பெயரும் தழும்பும் உள்ள மனிதராகிவிடுகிறார். காரணம் எளியது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கப்பட்ட உழைப்பு அது. தப்பி ஓடினால் அடையாளம் காட்ட வேண்டும்.

அந்தப் பட்டியல்களிலும் தேடல் எளிதன்று. முதல் இடர்ப்பாடு, எழுத்து. ஆங்கிலேயர் செவியில் விழுந்த தமிழ்ப் பெயர் பத்து விதமாக எழுதப்பட்டிருக்கும். இரண்டாவது, மாவட்டம். அன்றைய வட ஆற்காடு இன்றைய வேலூர் அன்று. 1911-இல் சித்தூர் மாவட்டம் அதிலிருந்து பிரிந்தது. 1989-இல் திருவண்ணாமலையும், 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. இவற்றில் திருப்பத்தூர் 1911 வரை சேலத்தோடு இருந்தது. பட்டியலில் 'வட ஆற்காடு' என்று கண்டால் அது இன்றைய இரு மாநிலங்களில் எங்கேயும் இருக்கலாம். மூன்றாவது, நம் பெயரிடும் முறை. பாட்டன் பெயரைப் பேரன் சுமப்பதால், ஒரே ஊரில் ஒரே காலத்தில் அதே பெயருடைய இருவர் மூவர் இருப்பது இயல்பு. குடும்பப் பெயர் என்ற ஒன்று நமக்கு இல்லை. நேட்டாலில் பிறந்த பிள்ளைகளுக்குத் தந்தையின் பெயரோ சாதிப் பட்டமோ குடும்பப் பெயராக நிலைத்து, மூலத்திலிருந்து இன்னும் விலகிச் சென்றது.

குறித்த எட்டு ஆண்டுகளில், வட ஆற்காட்டைச் சொந்த மாவட்டமாகக் கூறிய, வயதும் பெயரும் பொருந்தும் மூவரைக் கண்டேன். அவர்களுள் ஒருவரின் தந்தை பெயரும் பொருந்துகிறது. ஆனால், ஊர்ப் பெயர் எழுதப்பட்ட விதம் எங்கள் ஊருக்கும் பொருந்தும்; இருபது கல் தொலைவில் உள்ள மற்றோர் ஊருக்கும் பொருந்தும். வலது முழங்காலுக்குக் கீழே தழும்பு என்று குறித்திருக்கிறார்கள். அந்தத் தழும்பை அறிந்திருக்கக்கூடிய ஒரே மனிதர் என் பூட்டி.

எனவே, அவரே இவர் என்று நான் எழுதி வைக்கவில்லை. இருக்கலாம் என்றுதான் குறித்திருக்கிறேன். இந்தப் பட்டியலில் அவர் இல்லையென்றாலும், அவர் கப்பலேறவில்லை என்று ஆகிவிடாது. கங்காணியோடு இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் ஒப்பந்த முறைக்கு வெளியே சென்றவர்கள். அவர்களுக்கு ஊரும் தழும்பும் குறித்த இத்தகைய பட்டியல் கிடையாது.

கேட்டதைக் கொடுத்தவர்களே நினைவில்

இந்த ஏடுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. அரசு எவரிடமிருந்து ஏதேனும் ஒன்றைப் பெற விரும்பியதோ, அவருடைய பெயரையே காத்து வைத்தது. வரி செலுத்துபவர் நிலப் பதிவேட்டில் இருக்கிறார். உழைப்பை விற்றவர் கப்பல் பட்டியலில் இருக்கிறார். கண்காணிக்க விரும்பியவர்களையும் அரசு மறக்கவில்லை. குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு விரிவாக்கப்பட்டபின், சில சமூகத்தினர் எக்குற்றமும் செய்யாமலேயே பெயரும் கைரேகையும் பதிய வேண்டியதாயிற்று. அந்தப் பதிவை எதிர்த்து நின்றதற்காகத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏட்டில் ஏறுவது எல்லோருக்கும் எப்போதும் பெருமையாக இருந்ததில்லை.

நிலமும் இல்லாமல், ஒப்பந்தமும் இல்லாமல், ஊரிலேயே கூலிக்கு உழைத்து மடிந்தவர் எந்த எல்லையிலும் நிற்கவில்லை. செக்குபந்தியில் வருவதற்குக்கூட ஒரு துண்டு நிலம் வேண்டும். தலைமுறை தலைமுறையாக நில உரிமை மறுக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகள் இன்று தம் பூட்டனைத் தேடினால், நான் சென்ற வழி அவர்களுக்கு முதல் படியிலேயே அடைபட்டுப் போகும்.

பெண்களின் நிலையும் இதுவே. குடும்பத்தார் தயங்கினால் பெண்ணின் பெயருக்குப் பதிலாகப் 'பெண்' என்று மட்டும் எழுதிக்கொள்ள அன்றைய கணக்கெடுப்பு விதிகள் இடமளித்தன. விடுதலைக்குப் பிறகும் இது உடனே மாறவில்லை. முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, பெரும்பாலும் வட மாநிலங்களில், பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாருடைய தாய், இன்னாருடைய மனைவி என்றே பதிந்தனர். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அத்தகைய பதிவுகளை ஏற்க மறுத்தார். விளைவாக ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அவர்கள் வாழ்ந்தார்கள்; வாக்களிக்கும் வயதிலும் இருந்தார்கள்; 1951-52 பட்டியலில் மட்டும் இல்லை.

பட்டியல் நீதிபதியாகும்போது

ஒரு முன்னோரின் பெயர் கிடைக்காமல் போவது எனக்கு மனக்குறை, அவ்வளவுதான். வேறு சிலருக்கு அது வாழ்வையே பறித்திருக்கிறது.

இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், நாட்டில் பிறந்த ஒருவர் வம்சாவளிக் குடிமகனாக ஏற்கப்பட, அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து, அங்கேயே மடிந்தவர்களின் பிறப்பை நிறுவும் தாள் எத்தனை பேரிடம் இருந்திருக்கும்? மலையகத் தமிழர்கள் பல லட்சம் பேர் நாடற்றவராயினர். 1964-இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மீதி 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. பூட்டன் பிறந்த இடத்துக்குச் சான்று இல்லாத குறை, பேரப்பிள்ளைகளை ராமேசுவரத்துக்குக் கப்பலேற்றியது.

அசாமில் நிகழ்ந்தது நம் காலத்துக் கதை. 1951 கணக்கெடுப்பின் விவரங்களிலிருந்து அந்த ஆண்டே தேசியக் குடிமக்கள் பதிவேடு ஒன்று எழுதப்பட்டது. அதிலோ, 1971 மார்ச் 24 வரையிலான வாக்காளர் பட்டியல் முதலிய ஆவணங்களிலோ தம் முன்னோரைக் காட்டி, அவரோடு தமக்குள்ள உறவையும் நிறுவும்படி மக்கள் கேட்கப்பட்டனர். 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான இறுதிப் பட்டியலில் 19 லட்சத்துக்கு மேற்பட்டோர் இடம்பெறவில்லை. எழுத்தறியாதோரும், மணமாகி வேறு ஊருக்குப் பெயர்ந்ததால் பிறந்த வீட்டோடு உள்ள தொடர்பைத் தாளில் காட்ட இயலாத பெண்களும் பட்ட அல்லல் பரவலாகப் பதிவாகியிருக்கிறது.

இங்குதான் பழைய ஏடுகளின் பிறப்பு வரலாறு நமக்குத் தேவைப்படுகிறது. பட்டியலில் ஒரு பெயர் இருந்தால், அம்மனிதர் அன்று அங்கு இருந்தார் என்பதற்கு அது நல்ல சான்று. பெயர் இல்லாவிட்டால், அது பெரும்பாலும் பட்டியலைப் பற்றிய சான்று மட்டுமே. தீ, காகிதத் தட்டுப்பாடு, எழுத்தரின் செவி, மாவட்ட எல்லை, பெண்ணின் நாணம், நிலமின்மை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அந்தப் பெயரை விழுங்கியிருக்கலாம். பழைய ஏட்டை உரைகல்லாக வைக்கும் எந்த அரசும், ஏட்டின் குறைக்கான சுமையைக் குடிமக்களின் தலையில் ஏற்றுவது முறையாகாது.

இனி செய்ய வேண்டியவை

2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாகக் கொண்டு நடைபெறும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டின் முதல் மின்னணுக் கணக்கெடுப்பு. 1931-க்குப் பிறகு முதன்முறையாக அனைத்துச் சாதிகளும் அதில் கணக்கிடப்படுகின்றன. 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, தனிநபர் பதிவுகளை எவரும் பார்வையிட முடியாது என்றும், பொதுவாக அவற்றை நீதிமன்றச் சான்றாக ஏற்கலாகாது என்றும் கூறுகிறது. இந்தப் பாதுகாப்பில் ஓர் இம்மிகூடத் தளர்வு கூடாது. சொன்னது நம்மையே திருப்பித் தாக்காது என்ற நம்பிக்கை இருந்தால்தான் மக்கள் உண்மையைச் சொல்வார்கள்.

அதே வேளையில், வாழ்பவர்களுக்கான பாதுகாப்பு வேறு. நூறு ஆண்டுகளுக்குப் பின் வருவோருக்கான நினைவு வேறு. ஆஸ்திரேலியா 2001 முதல் ஒரு நடுவழியைக் கையாள்கிறது. பெயரோடு கூடிய தம் விவரத்தைக் காத்து வைக்கலாமா என்று கணக்கெடுப்புப் படிவத்திலேயே கேட்கிறார்கள். ஒப்புக்கொண்டவர்களின் தாள்கள் மட்டும் தேசிய ஆவணக் காப்பகத்தில் 99 ஆண்டுகள் பூட்டப்பட்டிருக்கும். அதுவரை அவற்றை அரசுத் துறை உட்பட எவரும் திறக்க இயலாது. ஒப்புதல் தந்தவர்களின் பதிவை மட்டும் முத்திரையிட்டுக் காக்கும் இம்முறையை இந்தியாவும் சட்டத் திருத்தத்தின் வழி ஆராயலாம். மின்னணு முறையில் காகிதத் தட்டுப்பாடு என்ற சாக்கும் இல்லை.

அதற்கு முன்பே மாநில அரசு செய்யக்கூடியது ஒன்றுண்டு. பரம்பரைக் கிராம அலுவலர் முறை 1980-இல் ஒழிக்கப்பட்டபோது, கர்ணமும் மணியக்காரரும் வைத்திருந்த ஊர் ஏடுகள் பல கை மாறின. சார்பதிவாளர் அலுவலகங்களின் பழைய புத்தகங்கள், ஊராட்சிப் பிறப்பு இறப்புப் பதிவேடுகள், நூற்றாண்டு கண்ட பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் ஆகியவை ஒவ்வொரு மழைக்காலத்தையும் ஒரு சோதனையாகவே கடக்கின்றன. பத்திரங்களை ஒளிப்பதிவு செய்வதோடு, செக்குபந்தியில் வரும் பெயர்களுக்கும் அட்டவணை எழுதினால், எந்த ஏட்டிலும் தலைமைப் பெயராக வராத பல்லாயிரம் எளியவர்கள் வெளிப்படுவார்கள்.

குடும்பங்கள் செய்ய வேண்டியதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. வீட்டில் உள்ள மூத்தவரிடம் கேட்டு, மூன்று தலைமுறைப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைக்கலாம். பிறந்த ஊர், அன்றைய வட்டம், தொழில், உடன்பிறந்தோர், மணம் முடித்துக்கொடுத்த ஊர் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பெண்களை 'இன்னாரின் மனைவி' என்று எழுதாமல், அவரவர் பெயரோடும் பிறந்த வீட்டுப் பெயரோடும் எழுதுவது முக்கியம். நான் தேடிப் போனவர் எந்தக் கரையில் இறங்கினார் என்பது இன்றும் உறுதியாகவில்லை. தேடாத ஒருவரின் பெயர், பக்கத்து நிலத்துக்காரரின் பத்திரத்தில் கிடைத்தது. என் பேத்தி பிறந்தபோது அந்தப் பெயரையே அவளுக்குச் சூட்டினோம்.